நேசராணி எழுதிய நாற்பத்தெட்டு விலாசங்கள்

மலையகத்து ஹாலிஎலயில் தபால்காரனாக இருப்பதில் எனக்கு ஒரே வருத்தம், மேடு. அதனால் தேயிலைத் தோட்டத்துக் கடிதங்களை வழக்கப்படி தோட்ட அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத்தான் இலக்கமே கிடையாதே, எந்தக் கதவைத் தட்டுவது?

என் நிம்மதியைக் கெடுத்தவர் கொழுந்து பறிக்கும் நேசராணி அக்கா. அவருடைய மகள் சஜீவனிக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் போன வருடம் அந்தப் பெட்டியிலேயே மூன்று வாரம் கிடந்துவிட்டது. கைக்குக் கிடைத்தபோது தேதி முடிந்திருந்தது. இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருந்தாள். வயதெல்லைப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அக்கா எழுதி நிரப்பிய ஒரு கொப்பியுடன் என் வீட்டு வாசலில் நின்றார்.

"இந்தாங்க தம்பி நப்ரீஸ். நாப்பத்தெட்டு வீட்டுக்கும் விலாசம் எழுதிட்டேன். இனிமே வீடு தெரியலன்னு சொல்லாதீங்க."

திறந்து பார்த்தேன். 'மாதா சிலைக் கெபிக்கு எதிர்க் கதவு.' 'பெரிய குழாய்க்கு மேலே, பிரபல ஒலிபெருக்கி இராயப்பன் வீடு.' 'பிரபல' சேர்க்கும்வரை, திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் அந்த மனிதர் அக்காவை விடவில்லையாம். தன்னைப் பிரமுகராகப் போடவில்லை என்று இரண்டு பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கொப்பியை மேசைக்குள் போட்டதோடு சரி.

அடுத்த மாதம் சஜீவனியின் பெயரில் அரசாங்க உறை ஒன்று வந்தது. பெட்டியில் போடக் கை வரவில்லை. கொப்பியைப் புரட்டினால், அல்லாஹ்வே, நாற்பத்தேழு வீடுதான் இருக்கிறது! ஊர் வீடெல்லாம் எழுதியவர் தன் வீட்டை எழுதவில்லை.

திட்டிக்கொண்டே மேடேறினேன். இராயப்பன் அண்ணன் வழிகாட்ட, பின்னால் பாதி லயம் வந்தது.

"என்னக்கா, ஒங்கட வீட்ட எழுதாம உட்டுட்டீங்களே?"

"என் வீடு எனக்குத் தெரியும்தானே தம்பி!"

சஜீவனி உறையைக் கிழித்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை நேர்முகம்! இன்னும் மூணு நாள் இருக்கு!"

லயமே கத்தியது. அக்கா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, கிழிந்த உறையைத் தடவிக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"எங்க கதவத் தட்டி வந்த மொதக் கடுதாசி தம்பி இது."

ஒன்பது வருடமாக அந்தத் தோட்டத்துக்குத் தபால்காரன் நான்தான்.