ரூபாவின் கரடி

ரூபாவுக்கு ஓசூரில், கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் கம்பெனியில் வேலை. சிவப்பு ஒயரைச் சிவப்புத் துளையில், பச்சையைப் பச்சையில் செருக வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான். அஞ்செட்டியிலிருந்து வந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு மத்திகிரி வாடகை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அதே மேசையில்தான் நின்றாள். கம்பெனியின் இளஞ்சிவப்பு மேல்சட்டையை வீட்டில் கதவுக்குப் பின்னால் மறைத்து மாட்டுவாள். அது கண்ணில் படவே கூடாது அவளுக்கு. ஆனால் திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் மறுபடி நிறம் சேர்ப்பாள், போனில்.

அந்த விளையாட்டை இப்போது நினைத்தாலே எனக்கு அருவருப்பு. ஒரே நிறக் கட்டைகள் மூன்று சேர்ந்தால் நம் பக்கம் மறையும். மறைந்ததெல்லாம் கல்லாகி எதிராளியின் பக்கம் விழும். நிரம்பியவர் தோற்றார். ஆளுக்கொரு குண்டுக் கரடி உண்டு. தோற்ற கரடி விம்மும், ஜெயித்த கரடிக்குத் தொப்பி. அவரவர் முறையை அவரவருக்கு முடிந்தபோது ஆடலாம். அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். நாங்கள் பேசியதைவிட ஆடியதே அதிகம்.

"நாள் முழுக்க இதத்தான பண்ற, சலிக்கலையா?" என்று ஒரு ஞாயிறு கேட்டேன்.

"அங்க சரியா சொருவுனா யாரு மாமா அழுவறா? இங்க உங்க கரடி அழுவும்."

"இதுவரைக்கும் உன்னுதுதான் அழுதிருக்கு."

"மொட்டத் தலையோட. இருங்க, தொப்பி போடாம விடமாட்டேன்."

நான் ஒருமுறைகூட விட்டுக்கொடுத்ததில்லை.

மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் போனை என்னிடம் தரும்போது, "என் முறைதான். நடுவுல சிவப்பப் போட்டா நீங்க காலி. வீட்டுக்குப் போய் போடறேன்" என்றாள்.

இரண்டு வாரம் ஆடாதவர் தோற்றதாகக் கணக்கு. காரியத்தன்று காலை என் போனில் கரடி குதித்தது: 'இன்று ரூபா ஆடாவிட்டால் வெற்றி உங்களுக்கே!' அவள் போனுடன் வாசற்படியில் உட்கார்ந்தேன். முதலில் விளம்பரம். யாரோ ஒருத்தி சிரித்துச் சிரித்து மசாலாப் பொடி விற்றாள்.

ரூபாவின் தம்பி முனிராஜ் வெளியே வந்தான். "அக்கா படத்துக்குப் பூ வெக்கக் கூப்பிடறாங்க. இன்னிக்குமா மாமா கேம்மு?"

"அக்கா ஆட்டம்டா. ஒரு நிமிசம்."

அவன் முகத்தைச் சுளித்து, ஓரமாகத் துப்பினான்.

நடுவில் சிவப்பைப் போட்டேன். அவள் சொன்னது சரி. வரிசை வரிசையாகச் சரிந்தது. என் சட்டைப் பைக்குள் என் கரடி விம்மத் தொடங்கியது. அவள் திரையில் ஆறு தொப்பிகள். 'நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். பத்து, ஒன்பது, எட்டு…'

"முனிராஜு, அக்காவுக்கு என்ன கலர் புடிக்கும்?"

அவன் என்னை உற்றுப் பார்த்தான். "அத நீங்கதான சொல்லணும்?"

நேரம் முடிந்தது. கம்பெனிச் சட்டையின் அதே இளஞ்சிவப்பில் ஒரு தொப்பியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, கரடி கைதட்டியது.