மணிக்கட்டின் கோணம்

காலை ஆறு நாற்பது. ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் என் பொறுப்பிலிருந்த கருவி அறையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, சற்றுமுன் ஓட்டம் நின்று, எதிரே அசையாமல் கிடந்த சாய டிரம். உள்ளே தோல்களும் கறுப்புச் சாயமும் இருந்தன. அரை மணி நேரம் சுற்றாமல் கிடந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். மொத்தச் சரக்கும் இரண்டாம் தரத்துக்குப் போகும். சூப்பர்வைசர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போல்ட்டுகள் தளர்ந்து மோட்டார் நகர்ந்ததில் பெல்ட் கழன்றிருந்தது. ஃபிட்டர் மோட்டாரை நெம்பி இடத்தில் வைத்து, பெல்ட்டை மாட்டி, முன்பக்கத்து இரண்டு போல்ட்டுகளை முடுக்கிவிட்டார். மற்ற இரண்டும் சுவர்ப் பக்கம். அந்த இடுக்கில் ஒரு கைதான் நுழையும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

போல்ட் முடுக்கும் ராட்செட்டுகளில் தலை மடங்கும் வகை இரண்டை எடுத்து வந்தேன். ஒன்றின் தலை தானாக எப்படியும் மடங்கும். மற்றதைப் பட்டனை அழுத்தி வேண்டிய கோணத்தில் பூட்டலாம். அதற்கு இரண்டு கை வேண்டும்.

"தானா மடங்குறத எடுய்யா, சீக்கிரம் முடியும்" என்றார் சூப்பர்வைசர்.

"உள்ள போனா அது தலைய தொங்கப் போட்டுக்கும் சார். புடிக்க இன்னொரு கை வேணும். உங்க கைய வெக்கிறீங்களா?" என்றார் ஃபிட்டர்.

"லாக் பட்டன மட்டும் உள்ள எப்படி அழுத்துவ?"

"வெளியவே அழுத்திட்டுப் போறேன்."

ஃபிட்டர் வெறுங்கையை இடுக்கில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் போல்ட்டைப் பிடித்திருக்க வேண்டும். தோள் ஒருமுறை அசைந்தது. பிறகு மணிக்கட்டு வளைந்தபடியே கையை வெளியே எடுத்தார். அந்த வளைவுக்குப் பக்கத்தில் ராட்செட்டை வைத்து, தலையை அதே கோணத்துக்கு மடக்கிப் பூட்டினார். உள்ளே விட்டதும் அது முதல் முயற்சியிலேயே போல்ட்டில் உட்கார்ந்தது. கடகடவென்ற சத்தம் மட்டும் கேட்டது.

"அடுத்ததும் அதே கோணம்தான? அப்படியே போடு" என்றார் சூப்பர்வைசர்.

"அத கைதான் சொல்லணும் சார்."

மறுபடி வெறுங்கை உள்ளே போனது. இந்த முறை மணிக்கட்டு குறைவாக வளைந்து வந்தது. தலையைப் பூட்டின் ஒரு பல் அளவு நிமிர்த்திப் பூட்டினார். அந்த போல்ட்டை ஒட்டி, முந்தைய கோணத்துக்கு இடம் விடாமல் ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுவதைப் பிறகு டார்ச் அடித்துத்தான் நான் கண்டேன்.

ஏழு மணி நான்கு நிமிடத்துக்கு டிரம் சுற்றியது. காய்ந்து வந்த தோல்களைத் தரம் பிரித்தவர்கள் எல்லாவற்றையும் முதல் தரத்து அடுக்கிலேயே வைத்தார்கள்.