ஓடாமல் போன என் குறும்படம்

ஊட்டியில் நடந்த உலகக் குறும்பட விழாவுக்கு என் படமும் தேர்வாகியிருந்தது. குன்னூர் எஸ்டேட் ஒன்றில் கொழுந்து பறிக்கும் சரசக்காவைப் பற்றிய ஆறு நிமிடப் படம். கையுறைகூடத் தராமல் மருந்தடிக்க வைத்ததை அதில் அவர் சொல்லியிருந்தார்.

"என் மூஞ்சி மட்டும் தெரியக் கூடாதுங்க. வேலை போயிரும்" என்றார் அன்றைக்கு. சரி என்றேன். ஆனால் அந்த முகத்தை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுப் படங்கள் ஓடும் விழாவுக்கு எஸ்டேட்டிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஏதோ ஒரு ஈரானியப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். எனக்குப் படமெடுக்க அனுமதி தந்த எஸ்டேட் மேனேஜர் இரண்டாவது வரிசையில் இருந்தார். அடுத்தது என் படம். புரொஜெக்டர் அறைக்கு ஓடினேன். ஆபரேட்டர் எனக்கு முன்பின் தெரியாதவர்.

"ஏனுங்க, இப்படி நடுங்கறீங்க?"

"அடுத்த படத்தை நிறுத்துங்க. அதுல பேசறவங்களுக்கு வேலை போயிரும். தப்பு என்னோடதுங்க."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. ஈரானியப் படம் முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட்டு அரங்கத்துக்கு வந்து, "மெஷின்ல கோளாறுங்க, அடுத்த படம் ஓடாது" என்றார். விழாக்காரர்கள் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார்கள். நான் வாயைத் திறக்காமல் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் சரசக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

அப்போதுதான் அவர் மூச்சுவிட்டார்.

அந்தப் பத்து நிமிடப் பயமே எனக்குத் தாங்கவில்லை. அவர் அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகிறார் என்பது, அவரைப் படமெடுத்த எனக்கு அதுவரை தெரியவில்லை.