அண்ணா போடாத கையெழுத்து

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவர் தைத்ததை உடுத்தியவர்கள், சிலர் அவரோடு கோபித்தவர்கள். இரண்டையும் எழுதுவதுதான் அவருக்கு மரியாதை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராக அண்ணா பிறந்தார். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, மாத்தளையில் ஒரு துணிக்கடையில் தையல் பழகினார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. முதலாளி காப்புறுதிப் பத்திரத்தோடு இன்சூரன்ஸ் கம்பெனியில் போய் நின்றார். கலவர நட்டம் அதில் சேராதாம், கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்ததாம். அதன்பின் எந்தக் காகிதத்தையும் அண்ணா கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'கடைசிப் பக்கம்'.

இரத்தோட்டைக் கடைத்தெருவில் ஒற்றை மெஷினோடு அவர் சொந்தக் கடை போட்டுச் சில வருடங்களில் ஒரு காப்புறுதி முகவர் வந்தார். குடும்பத்தையும் சேர்த்து ஆஸ்பத்திரிச் செலவுக்கான கூட்டுக் காப்புறுதி அது. ஒரே இடத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான். தெருவில் சேர விரும்பிய பன்னிரண்டு பேருக்கோ ஆளுக்கொரு தொழில். முகவரே வழி சொன்னார்: பன்னிரண்டு பேரையும் அண்ணாவின் தொழிலாளர்கள் என்று எழுதி, முதலாளியாக அண்ணா கையெழுத்திட்டால் போதும். படிவத்தில் வடை சுடும் பாக்கியம் அக்கா பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவரானார். சலூன் வைத்திருந்த செல்லையா அவர்கள் துணி வெட்டுபவரானார்.

"முடியா இருந்தா என்ன, துணியா இருந்தா என்ன, கத்தரிக்கோல் ஒண்ணுதானே" என்று செல்லையா சிரித்தார். அவருக்குத்தான் அவசரம். அவர் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்யவேண்டியிருந்தது. அந்த நோயைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்றார் முகவர். அண்ணா அவரிடம் கேட்டார்:

"இன்னைக்கு எழுத வேணாங்குறீங்க. நாளைக்கு ஏன் எழுதலைன்னு கேக்க வேற ஆள் வருவாரு. அப்ப நீங்க இருப்பீங்களா, தம்பி?"

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் செய்றோம், மாஸ்டர்."

"அதுதாங்க எனக்குப் பயம்."

அண்ணா கையெழுத்திடவில்லை. காப்புறுதிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரச அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பொய்த் தகவல் கொடுத்தால் காப்புறுதி செல்லாது, தனித்தொழில் செய்பவர்கள் சங்கமாகப் பதிந்துகொண்டு, கம்பெனியும் விரும்பினால் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. "கம்பெனி விரும்பலைன்னா?" என்று அண்ணா அதையும் சந்தேகித்தார். சங்கம் அமைக்க யாரும் கூடவில்லை. முகவரும் பிறகு வரவில்லை. அவர் ஏமாற்றுக்காரரா, கடிதத்துக்குப் பயந்தவரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

செல்லையாவின் மனைவி கண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை மாதக்கணக்கில் வலியோடு காத்திருந்தார். பிழைத்து வந்தார். ஆனாலும் செல்லையா அண்ணாவுக்கு முடி வெட்ட மறுத்தார். வருடக்கணக்கில் அண்ணா முடி வெட்டவே மாத்தளைக்கு பஸ் ஏறினார்.

கடைசிக் காலத்தில் சிறுநீரகம் பழுதாகி அண்ணா அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தபோது செல்லையா கத்தியும் சோப்புமாக வந்து நின்றார்.

"கையெழுத்துப் போட்டிருந்தா இப்ப தனி ரூம்ல இருப்பீங்க."

"போட்டிருந்தா, உங்க வீட்டம்மா படுத்திருக்கையில கம்பெனிக்காரன் காசு தரமாட்டேன்னிருப்பான். நீங்க என் கழுத்துல கத்திய வேற மாதிரி வச்சிருப்பீங்க."

"இப்பவும் வைக்கலாம். தலைய ஆட்டாம இருங்க."

வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சோறு கொண்டுவந்த பாக்கியம் அக்காவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. செல்லையா அவர்களே, நீங்கள் அண்ணாவை மன்னித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரைப் பெட்டியில் வைக்குமுன் கடைசியாகச் சவரம் செய்துவிட்டது உங்கள் கைதான். ஒரு கீறல்கூட இல்லை.