முப்பதாயிரத்து முப்பத்தொன்று

வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள், பிள்ளைகளே. எங்கள் வீட்டில் ஒரு காலத்தில், மீதி வர வேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டோம்.

அது ஜப்பான்காரன் காலம். எங்கள் ஊரான கஜா பெராங்கில், வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் சித்தப்பாவும் அகப்பட்டார். லோரியில் ஏற்றும் முன் கழுத்தில் ஒரு தகரத் துண்டைக் கட்டினார்கள். அதில் 30031 என்று அடித்திருந்தது. சித்தப்பா கணக்குப் பைத்தியம். அந்த நேரத்திலும் தகரத்தைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இத ஒடச்சிப் பாருடா. ஒடையலன்னா ஒன் சித்தப்பன் கெட்டி ஆளு. திரும்பி வந்துருவேன்லா."

எண்ணை உடைப்பது எங்கள் விளையாட்டு. பதினைந்தை மூன்றால் வகுத்தால் மீதி இல்லை. அது உடைகிற எண். பதின்மூன்றை, ஒன்றையும் அதையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அது உடையாத எண். பெரிய எண்ணைச் சோதிக்க உடையாத எண்களால் மட்டும் வகுத்தால் போதும். இது சித்தப்பா சொன்ன சுருக்குவழி.

காகிதம் ஏது? அடுப்படிப் பலகைச் சுவரில் கரித்துண்டால் வகுத்தேன். சித்தப்பாவின் மனைவி, எங்கள் சின்னம்மா, கிழங்கு உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் ஒரே ஒரு வகுத்தல். அதற்கு மேல் விடமாட்டார்.

இரண்டால் வகுத்தேன், மீதி ஒன்று. மூன்றால் வகுத்தேன், ஒன்று. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதைக் கொண்டு வகுத்தாலும் அதே ஒன்று அடியில் வந்து நின்றது. கணக்கை அழித்தாலும் அந்த ஒன்றுகளைச் சின்னம்மா அழிக்க விடவில்லை. விளக்கு ஆடும்போது அவை வரிசையில் நிற்கும் மெலிந்த ஆட்களைப் போல அசைந்தன.

சின்னம்மா சித்தப்பாவின் பெயரைச் சொல்லவே மாட்டார். சொன்னால் புருஷனுக்கு ஆயுள் குறையும் என்பது அந்தக் காலத்துப் பெண்களின் நம்பிக்கை. சித்தப்பா போன பிறகு அந்த எண்ணின் கடைசித் துண்டே அவர் பெயராகிவிட்டது.

"முப்பத்தொண்ணு இன்னிக்கி என்னடா சொல்லுது?"

"நிக்கிது சின்னம்மா."

"நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்."

பதினேழால் வகுத்தபோது ஒன்பது மிஞ்சியது. பத்தொன்பதுக்குப் பதினொன்று. பிறகும் வாரா வாரம் ஏதோ ஒன்று மிஞ்சிக்கொண்டே வந்தது. சின்னம்மா கொஞ்சம் சிரிக்கக்கூடத் தொடங்கியிருந்தார்.

ஐம்பத்தொன்பதால் வகுத்த அந்தியில் நல்ல மழை. ஐந்நூற்று ஒன்பது தடவை போனது. அடியில் பூஜ்யம். மறுபடி வகுத்தேன். மறுபடியும் பூஜ்யம். விடை கண்ட சந்தோஷத்தில் கத்தினேன்.

"ஒடஞ்சிருச்சி சின்னம்மா! மிச்சமே இல்ல!"

உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது. சின்னம்மா சுவரில் இருந்த ஒன்றுகளைப் பார்த்தார். எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தார். மழையில் இறங்கி நின்று, இருட்டிய ரோட்டைப் பார்த்துச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழுப் பெயரையும், சத்தமாக. அவர் குரலில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

அம்மா ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார். "ஐயோ, என்னடி காரியம் பண்ற!"

அம்மா ஏன் அழுகிறார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. ஆள் கிட்டத்தில் வந்துவிட்டால்தானே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? என் பங்குக் கிழங்கில் பாதியைச் சித்தப்பாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.