எந்தப் பக்கம் வெள்ளி?

கச்சிபௌலியில் கட்டடங்கள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், நான் அங்கே ஒரு ஆய்வகத்தில் பி.எச்.டி. என்ற பெயரில் வெள்ளிக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கம்பி என்றால் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியது. அதைத் திரவத்தில் கலந்து, வளைகிற பிளாஸ்டிக் தாளின் ஒரு பக்கத்தில் தெளித்துக் காயவைப்போம். வெள்ளிப் பக்கங்கள் எதிரெதிராகப் பார்க்கும்படி இரண்டு தாள்களை நூலிழை இடைவெளியில் ஒட்டினால், அழுத்தத்தை அறியும் சென்சார். விரலால் அழுத்தினால் வெள்ளியும் வெள்ளியும் தொட்டு மின்சாரம் ஓடும்.

ஆனால் அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டுமே! என்னுடையதெல்லாம் நீர்மோர் நிறத்தில் வந்து தொலைத்தது. என் கைடு, கறாரான தெலுங்குக்காரர், தீர்த்துச் சொல்லிவிட்டார்: நாளை மதியம் வந்து பார்ப்பேன், சரிவராவிட்டால் சிமென்ட் ஆராய்ச்சிக்கு மாறிவிடு. சிமென்ட்!

மறுநாள் காலை தெளித்த தாள்கள் பளிங்காக வந்தன. குதித்தே விட்டேன். அவசரமாக ஒட்டி, மின்கம்பி இணைத்து, மேஜையில் வைத்து அழுத்தினேன். கணினித் திரையில் கோடு அசையவே இல்லை. ஓங்கிக் குத்தினேன். ஊஹூம். கண்ணில் நீர் முட்டியது.

பக்கத்து மேஜைத் தோழி அதே ஊரின் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்; அவள் தமிழில் உருது கலந்திருக்கும். "நக்கோடி, அழுவாத! வெள்ளி எந்தப் பக்கம்னு பாத்துதானே ஒட்டினே?"

"பாக்காம ஒட்டுவேனா?" என்று சீறினேன்.

"ஹவ், என்னத்தைப் பாத்தே? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு!"

திக்கென்றது. இத்தனை நாளும் கலங்கலாகத் தெரிந்த பக்கம்தான் வெள்ளி. அடையாளம் வைக்கத் தேவையே இருந்ததில்லை. பிரித்து, எந்தப் பக்கம் மின்சாரம் ஓடுகிறது என்று மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். ஒரு தாள் தலைகீழ். அட கடவுளே, நன்றாக வந்ததால் வந்த வினை! சிரிப்பை அடக்க முடியாமல் திருப்பி ஒட்டினேன்.

கடைசி மின்கம்பியை இணைக்கும்போதே கைடு உள்ளே வந்துவிட்டார். அழுத்திப் பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை. மேஜையில் கையூன்றிக் குனிந்து, "எங்கே உன் சென்சார்?" என்று ஆங்கிலத்தில் அதட்டினார்.

திரையில் கோடு சர்ரென்று ஏறியது.

"சார், உங்கள் உள்ளங்கைக்கு அடியில்," என்றேன்.

கையை எடுத்தார், கோடு இறங்கியது. மெல்லத் தொட்டார், அழுத்தினார், மறுபடி தொட்டார். பிறகு என் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். சிமென்ட் பேச்சையே எடுக்கவில்லை. என் சென்சாரை நான் முதன்முதலாக அழுத்திப் பார்ப்பதற்கு, அவர் எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.