தள்ளாமல் ஓடிய வண்டி

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் வண்டியக்கா. துவைத்த ஈரத்துணியைச் சலவை அறையிலிருந்து உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோவது அவள் வேலை. இடையில் நீளமான நடைகூடம். பத்தொன்பது வருஷமாக அதை அவள் மல்லுக்கட்டித்தான் கடந்தாள். இரும்புச் சக்கரம், பெயர்ந்துபோன சிமெண்ட் தரை. கையை எடுத்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். தள்ளினால் ஓடும், விட்டால் நிற்கும். அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அந்த வருஷம் தரைக்கு வழவழவென்று டைல்ஸ் பதித்தார்கள். ரப்பர் சக்கரமும் பால் பேரிங்குமாகப் புது வண்டி வந்தது. முதல் நாள் பழைய பழக்கத்தில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். வண்டி அவளை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிப்போய் எதிர்ச் சுவரில் முட்டியது. சலவை அறையில் எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவளும்தான்.

சைக்கிள் கடை வைத்திருந்த அவள் கணவர் சிரிக்கவில்லை. கழற்றி வைத்திருந்த சக்கரம் ஒன்றை அச்சில் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பாரு, கிளப்பறதுக்குப் பலம் வேணும், நிறுத்தறதுக்குப் பலம் வேணும். நடுவுல அதே வேகத்துல ஓட ஒண்ணும் வேண்டாம். இத்தனை நாள் தரை பிடிச்சு இழுத்துச்சு, நீ அதோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தே. இப்ப தரை கையை விட்டுடுச்சு. ப்ரேக் இருக்கா?"

இல்லை. மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதுவரை பாதி பாதியாக ஏற்றட்டுமா என்றதற்கு, உலர்த்தும் இயந்திரம் சும்மா கிடக்கவா என்றார். வேறு வழியில்லாமல் முந்நூறு கிலோ ஈரத்துணியை ஏற்றி, மெல்ல ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கூடவே நடக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படி நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து அறைக்கதவு திறந்து இரண்டு பேர் நடைகூடத்துக்கு வந்தார்கள். ஒருவர் பக்கவாதத்தில் பேச்சும் ஒரு பக்கக் கையும் காலும் போன தபால்காரர். அவர் கைகள் இரண்டையும் பிடித்து நடை பழக்கிய பிசியோதெரபிப் பெண், அவர் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக அடி வைத்தாள். அதனால் வண்டிக்கு அவள் முதுகு. தபால்காரர் கண்ணுக்குத்தான் வண்டி தெரிந்தது.

வண்டியக்கா கைப்பிடியைப் பற்றிப் பின்னால் சாய்ந்தாள். அப்போதுதான் துடைத்த தரை. குதிகாலை ஊன்றினால் செருப்பு பிடிகொடுக்காமல் வண்டியோடு சறுக்கிக்கொண்டே போயிற்று. வண்டி வேகமெடுக்கவும் இல்லை, குறையவும் இல்லை. ஓர் ஆள் நிதானமாக நடக்கும் வேகம்தான். எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருந்ததுதான் கொடுமை. தபால்காரரின் கோணிய வாயிலிருந்து ஏதோ ஒலி வந்தது. கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து அந்தப் பெண் இன்னும் கொஞ்சம்தான் என்று தேற்றினாள். வண்டியக்கா நகரச் சொல்லிக் கத்தியதை இயந்திரங்களின் இரைச்சல் விழுங்கிவிட்டது. இரண்டாவது முறை கத்தியபோது அந்தப் பெண் திரும்பினாள். அதற்குள் வண்டி அவள் இடுப்பில் முட்டி இருவரும் விழுந்தார்கள். அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. தபால்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

விசாரித்த நிர்வாக அதிகாரி ஒன்றும் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்.

"தள்ளாம எப்படிம்மா வண்டி ஓடும்?"

"ஓடும் சார். நான் பிடிச்சு இழுத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் எழுதாமல் பேனாவை மூடினார். பிசியோதெரபிப் பெண் தான் எதையும் பார்க்கவில்லை என்று உள்ளதைச் சொன்னாள். கணவர் சைக்கிள் சக்கரத்தோடு வந்து நின்றார். காவலாளி அதை உள்ளே விடவில்லை.

கடைசியில் தபால்காரரின் கட்டிலுக்கே போய், வண்டியக்கா என்ன செய்தாள் என்று கேட்டார்கள். அவர் நல்ல கையை மூடி நெஞ்சுப்பக்கமாக இழுத்துக் காட்டினார். மறுபடி இழுக்க வேண்டுமானால் கையை முன்னால் நீட்டத்தானே வேண்டும்? நீட்டினார், இழுத்தார், நீட்டினார்.

"தள்ளினதாத்தான் காட்டறாரு" என்றார் அதிகாரி.

தபால்காரர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் கண் கலங்கியதும், நோயாளியைக் களைப்பாக்க வேண்டாம் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

கவனக்குறைவு என்று எழுதி, அவளைத் துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் வண்டிகளுக்கு ப்ரேக் வந்தது. தபால்காரர் அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. சக்கர நாற்காலியில் வீட்டுக்குப் போகும்வரை தினமும் சாப்பாட்டு நேரத்தில் வண்டியக்கா அவர் கட்டிலருகே போய் நின்றுவிட்டு வருவாள்.

ஒருநாள் அவர் மனைவி கேட்டுவிட்டாள்: "உங்க மேல தப்பே இல்லன்னா எதுக்கக்கா தினமும் வர்றீங்க?"

"தப்பு இல்லதாம்மா. ஆனா வண்டி என் கையில இருந்துதானே வந்துச்சு."

அந்த அம்மாள் பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டியக்கா உட்கார இடம் விட்டாள்.